நான் லேயாள் கட்சி

கல்முனையில் எங்களுடைய தேவாலயம் சிறியது. ஞாயிறு பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு பாய்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் கதை சொல்வது என் வேலை. வேதாகமத்தில் சிங்கத்தைக் கிழித்தவர்கள், ராட்சதனை வீழ்த்தியவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்க, நான் குறையுள்ளவர்களாகப் பார்த்துப் பொறுக்குவேன். குருடனான தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கிய யாக்கோபு. வாய் திக்கிய மோசே. கடவுள் கிழக்கே போகச் சொல்ல மேற்கே கப்பல் ஏறிய யோனா. உயிருக்குப் பயந்து, கூடத் திரிந்தவரையே தெரியாது என்று மறுத்த பேதுரு. இப்படிப்பட்ட ஆட்களை வைத்துத்தான் கடவுள் காரியம் பார்த்தார் என்று சொன்னால், சேட்டை செய்கிற பிள்ளைகள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவள் லேயாள். இரண்டு சகோதரிகளில் மூத்தவள். பார்வை மங்கியவள். யாக்கோபு ஆசைப்பட்டது அழகியான தங்கை ராகேலை. ராகேலுக்காக ஏழு வருடம் ஆடு மேய்த்தான். கல்யாண இரவில் மாமன் முக்காட்டுக்குள் லேயாளை வைத்து அனுப்பிவிட்டான். விடிந்ததும் முகத்தைப் பார்த்த யாக்கோபு என்ன சொன்னான் என்று எழுதியிருக்கிறது. லேயாள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

“நீங்க ஆர் கட்சி?” என்று பிள்ளைகளைக் கேட்பேன். எல்லோரும் ராகேல் கட்சி. “அப்ப நான் லேயாள் கட்சி,” என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தடித்த கண்ணாடி. என் தங்கச்சிக்கோ அம்மாவின் கண். அப்பா அரசாங்க பஸ் ஓட்டினார். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே நாள் முழுக்கப் போவதும் வருவதும். பாடசாலை விடுமுறையில் தங்கச்சியை எஞ்சின் பெட்டிமேல் துவாய் விரித்து இருத்திக் கூட்டிப்போவார். நான் வரட்டுமா என்று கேட்டதில்லை. யாராவது ஒருத்தி வீட்டில் இருக்கவேண்டும். அம்மா இறந்த பிறகு அந்த ஒருத்தி நான்தான் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. அவர்கள் மாலையில் வரும்போது தங்கச்சியின் சட்டையில் டீசல் வாசம் அடிக்கும். அந்த வாசத்தின்மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாய்ந்தமருதில் புடவைக்கடை வைத்திருந்த ஓர் இளைஞனோடு போய்விட்டாள். அவனுடைய மார்க்கத்துக்கு மாறி நிக்காஹ்வும் முடிந்தது. ஒரு ஹர்த்தால் வந்தால் தமிழ்ச் சனம் அந்தப் பக்கமும் முஸ்லிம் சனம் இந்தப் பக்கமும் போகப் பயந்த காலம். ஊர் எங்கள் வாசலில் வந்து கதைத்தது. அப்பா கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு ஒரு பிள்ளதான். அது இஞ்ச நிக்குது.”

எனக்கு அது இனித்தது. மறைக்க ஒன்றுமில்லை. தங்கச்சிக்காக அழுதேன், அழுதுகொண்டே உள்ளுக்குள் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்த இனிப்பை ஒரு நடத்துனர் கெடுத்தார். அப்பாவோடு அதே பஸ்ஸில் வேலை செய்தவர். சந்தையில் என்னைக் கண்டு, “உங்கட அப்பா சாய்ந்தமருதில ஒரு புடவைக்கடைக்கு முன்னால பஸ்ஸ மெதுவாக்கி ரெண்டு தரம் ஹோன் அடிப்பார் புள்ள. ஆளும் இல்ல, மாடும் இல்ல. சும்மா அடிப்பார்,” என்றார். கடைக்குள்ளிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்களா என்று கேட்டேன். “ஒரு பொம்புள வந்து நிப்பா. கைக்குழந்தையும் இருக்கும். இவர் திரும்பிப் பாக்கமாட்டார். ஹோன் மட்டும்தான்.”

அன்று மாலை அப்பாவுக்குச் சோறு போட்டேன். கறி எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றார். எனக்கு அந்த ஹோன் சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. போனவளுக்கு ஒவ்வொரு நாளும் ஹோன். இருந்தவளுக்கு, கறி நல்லா இருக்கு.

கடல் வந்தது கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு அடுத்த நாள், ஒரு ஞாயிறு காலை. நான் தேவாலயத்தில் பிள்ளைகளோடு இருந்தேன். கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்; பிறகு, “கடல் வருகுது, கடல் வருகுது” என்று சனம் ஓடிவந்தது. எங்கள் தேவாலயம் பெரிய வீதிக்கு மேற்கே உயரமான இடத்தில் இருந்ததால் தண்ணீர் வீதியோடு நின்றுவிட்டது. நான் பிள்ளைகளை விறாந்தையில் வரிசையாக நிற்பாட்டித் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் யாராவது வந்து கூட்டிப்போகும்வரை நின்றேன். யாரும் வராத பிள்ளைகளை அயலில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீடு திறந்து கிடந்தது. அப்பா இல்லை. சைக்கிளும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: “சாய்ந்தமருதுப் பக்கம் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனார் புள்ள. சொல்லச் சொல்லக் கேக்கல்ல.”

நான் செத்தேனா இருக்கிறேனா என்று பார்க்காமல் போயிருக்கிறார். ஊரெல்லாம் ஓலமாக இருந்த அந்த நேரத்தில், விறாந்தைப் படியில் உட்கார்ந்து நான் நினைத்தது இதைத்தான்.

பொழுது சாயும்போது வந்தார். மேலில் சட்டை இல்லை. அந்தச் சட்டை தங்கச்சியின் மகளைச் சுற்றியிருந்தது. குழந்தை சைக்கிள் பாரில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி பின்னால் நடந்து வந்தாள். தண்ணீர் வந்தபோது அவள் குழந்தையோடு கடையின் மேல்தட்டில் இருந்திருக்கிறாள். அவளுடைய கணவன், கடற்கரையோரம் இருந்த உம்மாவைக் கூட்டிவருகிறேன் என்று கீழே இறங்கிப் போனவன். உம்மாவும் வரவில்லை, அவனும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து இருவரையும் கண்டெடுத்து அடக்கினார்கள்.

புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? முடியும். அவள் காலைக் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தது நான். அழுதபோது தோளில் சாய்த்தது நான். அதோடு சேர்த்து, அப்பாவின் சட்டை அந்தக் குழந்தையைச் சுற்றியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்ததும் நான்தான்.

கணவன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் இத்தா இருக்கவேண்டும். சில மாதங்கள் வெளியே போகாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது. கணவனின் மூத்த சகோதரர் ஒரு நாள் எங்கள் படலையில் வந்து நின்றார். தாயையும் தம்பியையும் ஒன்றாக அடக்கிவிட்டு வந்தவர்.

“தம்பிட பொஞ்சாதி இத்தா இருக்கணும். எங்கட வீடு ஒண்டும் மிச்சமில்ல. நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்தில கிடக்கிறம். அங்க எப்பிடி...”

“என்ட வீட்டில இருக்கட்டும்,” என்றார் அப்பா. “எப்பிடி இருக்கணும் எண்டு சொல்லுங்க. நான் திரை கட்டித் தாறன்.”

கட்டினார். அம்மாவின் பழைய சேலைகள் இரண்டை நூலால் மூட்டி, முன்னறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டார். அவளுக்கென்று புதுச் சட்டி பானை வாங்கிவந்தார். ஊரில் யாரும் மீன் சாப்பிடாத நாட்கள் அவை. முஸ்லிம் இறைச்சிக்கடையில் அறுத்த கோழி தேடி எவ்வளவு தூரமோ சைக்கிளில் போனார். எனக்கு ஒரு பிள்ளைதான் என்று சொன்ன அதே மனுசன்.

குழந்தை தன் தகப்பனை வாப்பா என்று கூப்பிட்டுப் பழகியது. அதனால் அப்பா என்ற சொல் அதன் வாயில் சும்மா கிடந்தது. அதைத் தூக்கி என் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டது. “அப்பா, அப்பா” என்று அது கூப்பிட அவர் ஓடுவார். அந்தச் சொல்லையும் இனிப் பங்குபோட வேண்டும்.

தேவாலயத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்ததால், ஞாயிறு பாடசாலையை எங்கள் விறாந்தையில் வைத்தேன். பிள்ளைகள் முன்போல் இல்லை. வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கே திடுக்கிட்டார்கள். கடலைப் பற்றிய பயத்தைக் கடல் கதையாலேயே போக்கலாம் என்று நினைத்து யோனாவின் கதையை எடுத்தேன். கடவுளுக்கு ஒளித்து ஓடியவன் ஏறிய கப்பலைப் புயல் அடிக்கிறது. யாரால் இந்தப் புயல் என்று சீட்டுப்போட்டுப் பார்க்கிறார்கள். யோனாவின் பெயர் விழுகிறது. அவனைத் தூக்கிக் கடலில் போட, கடல் அமைதியாகிறது.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: “டீச்சர், அப்ப எங்கட கடல் ஆரால வந்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி. “எங்கட அம்மாவாலயா?”

அவளுடைய தாயைக் கடல் கொண்டுபோயிருந்தது. நான் படித்த விளக்கம் எதுவும் அந்த முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. அவள் வந்த நாளிலிருந்து சத்தமாகக் கதைத்ததே இல்லை.

“இல்ல மகள். ஆராலயும் வரல்ல. கேளுங்க. எங்களுக்கும் அவர் நபிதான், யூனுஸ் நபி. மீன்ட வயித்துக்குள்ள இருட்டு. அதுக்கு வெளியில கடலுக்குள்ள இருட்டு. அதுக்கும் மேல ராவிருட்டு. அந்த மூண்டு இருட்டுக்குள்ள கிடந்து அவர் கூப்பிட்டது கேட்டது. உங்கட அம்மா கூப்பிட்டதும் கேட்டிருக்கும். கேக்காம இருக்காது.”

சிறுமி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “பிறகு?”

“பிறகு மீன் அவர கரையில கொண்டுவந்து விட்டது. உடம்பெல்லாம் புண். எழும்ப ஏலாது. வெயில் சுடுகுது. அப்ப ஒரு சுரைக்கொடி முளைச்சி, அவருக்கு மேல படர்ந்து நிழல் குடுத்தது. அவர் சுகமாகி எழும்புறவரைக்கும்.”

ஒவ்வொருவராக எல்லாப் பிள்ளைகளும் நகர்ந்து அந்தச் சேலைத் திரைக்கு முன்னால் கூடினார்கள். என் பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. அது மட்டுமல்ல. நான் எத்தனை வருடமாகக் கதை சொல்கிறேன். ஒரு தடவைகூட வந்து கேட்டிராத அப்பா, முற்றத்திலிருந்த கதிரையைத் தூக்கிவந்து திரையோரம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணீர் தாடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

என்னுடைய வேதாகமத்திலும் அந்தச் செடி இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பூச்சி அரித்து அது வாடிவிடும். அழியப்போகிறது என்று யோனா சொன்ன பட்டணத்தைக் கடவுள் மன்னித்துவிடுவார். யோனா பட்டணத்துக்கு வெளியே போய் உட்கார்ந்து, அவர்களை ஏன் மன்னித்தீர் என்று எரிச்சலில் சாகக் கேட்பான். நான் இரக்கப்படக்கூடாதா என்று கடவுள் கேட்பதோடு கதை நின்றுவிடும். யோனாவின் பதில் இல்லை. இவ்வளவு பெரிய அற்புதம் நடந்த மனுசன் கடைசியில் இப்படியா குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பான் என்று நான் எத்தனையோ தடவை பிள்ளைகளைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்று வெறும் பாயில் உட்கார்ந்திருந்தபோது, யோனாவின் இடுப்பு எலும்பு தரையில் எந்த இடத்தில் நோகிறது என்றுகூட எனக்குத் தெரிந்தது.

பிறகு வந்த ஞாயிறுகளில் பிள்ளைகள் படலையைத் திறந்ததும் என்னைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: “டீச்சர், திரைக்குள்ள இருக்கிற மாமி கதை சொல்லுவாவா?” சொல்லட்டும் என்றேன். சிறுமிக்கு நான் சொல்ல முடியாததை அவள் சொன்னாள். அதற்குமேல் நான் எதைச் சொல்லித் தடுப்பது?

இத்தா முடிந்து திரையைக் கழற்றிய பிறகு, தங்கச்சி கணவனின் அண்ணனோடு சேர்ந்து கடையைத் திரும்பத் திறந்தாள். அப்போதுதான் அப்பா வளவைப் பிரிக்கும் கதையை எடுத்தார். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, இந்த வளவு மூத்தவளான எனக்கு என்று ஊரே அறியும். எனக்கு வந்த சம்பந்தம் ஒவ்வொன்றும் படலையோடு திரும்பிப் போயிருந்தது. மிச்சமிருந்தது இந்த மண்தான்.

“தென்னை நிக்கிற பக்கம் பாதிய அவளுக்குக் குடுப்பம். ஒரு சின்ன வீடு கட்டினாப் போதும்,” என்றார்.

“உங்களுக்கு ஒரு பிள்ளதான் எண்டு சொன்னீங்களே அப்பா.”

“சொன்னன்.”

“சொல்லிப்போட்டு ஒவ்வொரு நாளும் கடைக்கு முன்னால ஹோன் அடிச்சீங்க. எனக்கு ஒரு நாளாவது அடிச்சிருக்கீங்களா?”

எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கோபப்படவில்லை.

“நீ உள்ளுக்குத்தானே மகள் இருந்த. உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு ஆராவது ஹோன் அடிப்பாங்களா?”

வளவு பிரிந்தது. தென்னைப் பக்கம் ஒரு சின்ன வீடு எழும்பியது. நடுவில் வேலி போடவில்லை. வேலி வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

யுத்தம் முடிகிற காலத்தில் அப்பாவை வாதம் அடித்துவிட்டது. ஒரு பக்கம் விழுந்து, நினைவும் வந்து வந்து போனது. பகலில் தங்கச்சி கடையில். தூக்கியது, துடைத்தது, சோறு தீத்தியது எல்லாம் நான். பொழுதுபட்டதும் அவள் வந்து கட்டிலில் உட்காருவாள். அப்பாவின் முகம் விளக்குக் கொளுத்தினதுபோல் ஆகும். பகல் முழுக்க அந்த முகத்தைக் கழுவினவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் சந்திப் பக்கம் திடீரென்று வெடிச் சத்தம். யுத்தம் முடிந்தது என்று பட்டாசு கொளுத்தினார்கள். சண்டை நடந்த வன்னியில் மகன் இருந்த பக்கத்து வீட்டுக்காரி எல்லா யன்னல்களையும் சாத்திக்கொண்டாள். அவனிடமிருந்து மாதக்கணக்காக ஒரு சேதியும் இல்லை.

அப்பா சத்தத்தில் துடித்து எழும்பப் பார்த்தார். “கடல் வருகுது! புள்ளயத் தூக்கு, மேல ஏறு!” என்று தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“கடல் இல்லப்பா. வெடி கொளுத்துறாங்க.”

நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். திரும்பவும் அவள் பெயரைச் சொல்லி, “நீதானே?” என்றார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிடியில் இருந்த நடுக்கம் அவளுக்காக. அவள் இல்லை என்றால் அது நிற்காது.

“ஓமப்பா. நான்தான்.”

இரைத்த மூச்சு தணிந்தது. “அக்கா எங்க?”

“கோயிலுக்குப் போயிட்டா.”

“அவளப் பாத்துக்கொள். அவளுக்குக் கேக்கத் தெரியா. சின்னதில இருந்தே கேக்கத் தெரியா.” பிறகு, “அண்டைக்கு உன்னத் தேடி வரக்குள்ள முதல்ல கோயில் பக்கம்தான் போனன். வீதியில நிண்டு பாத்தன். அவ விறாந்தையில புள்ளையள எண்ணிக்கொண்டு நிண்டா. கண்ட பிறகுதான் சைக்கிளத் திருப்பினன்.”

நான் கேட்டேன்: “அக்காட்ட அதச் சொன்னீங்களா?”

“என்னத்துக்குச் சொல்ல? அவ நிப்பா எண்டு எனக்குத் தெரியுந்தானே.”

பட்டாசு இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. தமையனின் சாடையில் தகப்பன் முன்னால் நின்று அவனுடைய ஆசீர்வாதத்தை வாங்கிப்போனான் யாக்கோபு. நான் தங்கச்சியின் பெயரில் நின்று என்னுடையதையே வாங்கினேன். கள்ளத்தனமாகத்தான் வாங்கவேண்டியிருந்தது. நேரே நின்றிருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

அடுத்த மழைக்கு முன்னே அப்பா போய்விட்டார். தங்கச்சியும் அவளுடைய மகளும் எங்கள் வீட்டு வாசலில் நின்று அவரை அனுப்பினார்கள். அவளுடைய கணவனின் அண்ணன் பிரேதத்துக்குப் பின்னால் கல்லறைவரை நடந்து வந்தார். எல்லாம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு, குசினியில் இருவரும் தனியாக இருந்தபோது அந்த மத்தியானத்தைத் தங்கச்சிக்குச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“நானெண்டு நினைச்சா சொன்னவர்?”

“ஓம்.”

“எனக்கு அப்பிடி ஒண்டும் சொல்லல்ல. நான் பக்கத்தில இருந்தா என்னப் பாத்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.” முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். “எனக்கு எரிச்சலா இருக்குதக்கா. நான் போன பிறகு அவர் எப்பிடிச் சாப்பிட்டார், எப்பிடித் தூங்கினார், எதுக்குச் சிரிச்சார், ஒண்டும் எனக்குத் தெரியா. நீ எல்லாத்தையும் பாத்த. எல்லா வருசத்தையும் நீயே வச்சிருக்க.”

என் வாழ்க்கையில் ஒருவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் இவள். நெஞ்சுக்குள் ஏதோ மெதுவாக இறங்கிப் படிந்தது. பாவம் என்றும் இருந்தது. நல்லா வேணும் என்றும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க நான் முயலவில்லை.

“சொல்லக்கா,” என்றாள். “அந்த நாளையில அவர் எப்பிடி இருந்தார்?”

துருவலையை அவளிடமிருந்து வாங்கித் துருவிக்கொண்டே சொன்னேன். வேலை முடிந்து வந்தால் முதலில் காலைக் கழுவுவார் என்றும், தேநீருக்குச் சீனி போதாது என்று ஒவ்வொரு நாளும் சொல்வார் என்றும், மழை நாளில் முற்றத்துத் தண்ணீரை வெட்டிவிட்டுத் தன்பாட்டில் பாடுவார் என்றும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து அழுதாள். என்ன பாட்டு என்று கேட்டாள்.

மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை. அது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.